இடமாற்ற விவரம்

"மனசுல என்ன ஓடுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க ஆன்ட்டி, சரி தப்புன்னு ஒண்ணும் கிடையாது, நாங்க உங்களை டெஸ்ட் பண்ணலை, இந்த ஆப்பைத்தான் டெஸ்ட் பண்றோம்" என்று அந்தப் பெண் சொல்கிறாள், தாரிணி என்று பேர் சொன்னாள், என் மகளைவிடப் பத்து வயசாவது சின்னவளாக இருப்பாள், நானும் புரிந்த மாதிரி தலையாட்டுகிறேன். மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. அங்கேயும் கீரையை ஆய்வது மாதிரி ஆய்ந்து, மண் போக அலசி, சாமியார் காதுக்கு ஆகக்கூடியதை மட்டும்தான் கொண்டுபோய் வைப்பேன். மேஜைமேல் ஒரு போனைச் சின்னத் தாங்கியில் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு மேலே கொக்கு கழுத்தை வளைத்த மாதிரி ஒரு கேமரா, என் விரலையே பார்த்துக்கொண்டு. எதிரே இன்னொன்று, அது என் முகத்துக்கு. ஏசிக் குளிர் முழங்காலில் இறங்குகிறது. மனசில் என்ன ஓடுகிறது? இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் ஓடுகிறது. அங்கே ஒரு டிவியில் என் விரலையும் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் அவள் மேனேஜர் இருக்கிறார், நான் அவள் அம்மா என்று அவருக்கும் தெரியாது, இந்தப் பெண்ணுக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. "ஏதாவது சொல்லுங்க ஆன்ட்டி, ஸ்க்ரீனைப் பார்த்தா என்ன தோணுது?" "நீலக் கலரு நல்லா இருக்கும்மா" என்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே எதையோ தட்டுகிறாள்.

பெனிட்டா என்ன வேலை பார்க்கிறாள் என்று மரியாயின் சேனைக் கூட்டத்தில் யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துவிடுவேன். ஒருநாள் அவளே விளக்கினாள், சந்தோஷமாக இருந்த ஒரு நாள், அப்படி நாள் இப்போது வருவதில்லை. "பலசரக்குக் கடையில பருப்பு எங்க இருக்கணும், சோப்பு எங்க இருக்கணும்னு ஒருத்தர் யோசிச்சு வச்சிருப்பாருல்லம்மா, வர்ற ஆளு எப்படித் தேடுவான்னு கணிச்சு? போனுக்குள்ள அந்த வேலை எனக்கு. எது எங்க இருக்கணும், அதுக்கு என்ன பேரு வைக்கணும்." "இதுக்கா சாப்பாடு தண்ணி இல்லாம உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டேன். சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. பிறகு இந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது. கேட்டு வாங்கிக்கொண்டாளாம். பெரிய ஆஸ்பத்திரி, நோயாளியின் வீட்டு ஆட்கள் போனிலேயே எல்லாம் பார்த்துக்கொள்வதற்கு ஒரு ஆப். ஹாலில் அவள் அப்பா படத்துக்குப் பக்கத்துச் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டினாள், ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. எங்க ஆளு எங்கே? இப்ப யாரைக் கேக்கணும்? சாப்பாடு கொடுக்கலாமா? ராத்திரி யாரு தங்கலாம்? வேலைக்குப் போய் வந்த களைப்போடு அதற்கு முன்னால் நின்று, பிரிப்பாள், சேர்ப்பாள், நான் டீயை வைத்துவிட்டு வந்தால் ஆடை படிந்து ஆறிக் கிடக்கும். ஒரு சாயங்காலம் வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாச் சீட்டையும் உரித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். சுவரில் பசை மட்டும் சதுரம் சதுரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஈரத் துணியால் துடைத்தும் போகவில்லை. அதற்கப்புறம் பேச்சு குறைந்தது. குளிக்கும் இடத்தில் முடி உருண்டை உருண்டையாகக் கிடந்தது. ஒருநாள் பால்கனியில் நின்று யாரோ சிநேகிதியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், "இந்த டெஸ்ட்ல முடிவாயிடும் பாரு. நடக்கலைன்னா வேலையை விட்டுப் பேப்பர் போட்டுடுவேன். இதுக்குமேல என்னால முடியாது." நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இதுக்குமேல என்னால முடியாது. அந்த 'முடியாது' எது வரைக்கும் போகிறது, வேலையோடு நிற்கிறதா, நிற்காமல் இன்னும் போகிறதா? தேய்த்த சட்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்தேன். அன்றிலிருந்து அவள் அறைக் கதவைச் சாத்தினால் என் காது அந்தக் கதவிலேயே இருக்கிறது. உள்ளே நாற்காலி நகர்ந்தால் எனக்கு இங்கே நெஞ்சு நகர்கிறது. மாதாவே, இந்த டெஸ்ட் நல்லபடியாக நடக்கட்டும், வேறு எதுவும் நான் கேட்கவில்லை. மகன் ஆல்வினுக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இது மட்டும்.

அவளே வந்து கூப்பிட்டபோது நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? "அம்மா, வியாழக்கிழமை என் ஆபீஸுக்கு வர்றியா? ஆள் பிடிச்சுத் தர்ற ஏஜென்சிக்காரன் காலேஜ் பசங்களையே அனுப்புறான். ஒரே ஒருத்தராவது நிஜமான ஆளா இருக்கணும்" என்றாள். "நானாடி? எனக்கு என்ன தெரியும்?" "அதான்மா வேணும். ஒண்ணும் படிச்சுக்கிட்டு வராதே. நீ நீயா இரு. ஆனா என் அம்மான்னு யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது." நீ நீயா இரு. எத்தனை வருஷம் கழித்து என் பிள்ளை என்னிடம் ஒன்று கேட்கிறாள். நானாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? வாட்ஸாப்பில் இரங்கல் செய்திக்குச் சிரிக்கிற பொம்மையைப் போட்டவள் நான். ரேஷன் கடையில் விரல் வைத்தால் என் ரேகையையே மிஷின் ஒத்துக்கொள்ளாது. எட்டாங்கிளாஸ் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நாலு பேருக்கு முன்னால் நிறுத்தி, நான் முழித்தால், டெஸ்ட் போச்சு, அவள் வேலை போச்சு, அந்த முடியாது எங்கே போய் நிற்குமோ. பாவம், என் மனசு நோகக் கூடாது என்றுதான் படிக்காதே என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய பழைய போன் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும். இந்த ஆப் அதில் இருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் ஆபீஸ் கிளம்பிப் போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் அழுகைதான் வந்தது. திறந்தால் எட்டுச் சதுரம், ஒவ்வொன்றுக்கும் கோர்ட்டுக் கடிதாசி மாதிரி ஒரு பேர். எதற்குள்ளே எது இருக்கிறது என்று ஊகிக்க வழியே இல்லை, உள்ளே போனால் திரும்பத் தெரியவில்லை. பிறகு தவக்காலத்தில் சிலுவைப் பாதை ஸ்தலங்களை எப்படி மனப்பாடம் செய்தேனோ அப்படியே பிடித்தேன், அர்த்தம் பார்க்காமல், வரிசையை மட்டும். நிர்வாகச் சேவைகள். உள்நோயாளி மேலாண்மை. படுக்கை ஒதுக்கீடு. இடமாற்ற விவரம். எதற்காக ஒரு மனுஷன் அங்கே போவான் என்று கேட்கவில்லை. விரல் பழகினால் போதும். உலை கொதிக்கும்போது சொன்னேன். மாடிப்படி ஏறும்போது சொன்னேன். ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் நடுவில் படுக்கை ஒதுக்கீடு வந்து நின்றது, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

"முதல் டாஸ்க் படிக்கிறேன் ஆன்ட்டி" என்று தாரிணி ஒரு அட்டையை எடுக்கிறாள். "உங்க கணவரை ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணியிருக்கீங்க. மருந்து வாங்கக் கீழே போயிட்டுத் திரும்பி வர்றீங்க. அவர் படுக்கையில இல்லை. பக்கத்துல கேட்டா யாருக்கும் தெரியலை. அவரை எங்க மாத்தியிருக்காங்கன்னு இந்த ஆப்புல கண்டுபிடிங்க." படித்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். அவளுக்கு அது அட்டையில் இருக்கிற எழுத்து. நல்ல பிள்ளை, உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது. பெனி, இதை நீயா எழுதினாய்? நான் ஒரே ஒரு தடவைதானே சொன்னேன், உன் அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, நீ காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாய், தலைகூடத் தூக்கவில்லை, காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது என் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அன்றைக்கு மருந்தோடு திரும்பி வந்தால், கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். அதுதான் முதலில் கண்ணில் பட்டது, இஸ்திரி மடிப்புக் கலையாத விரிப்பு, யாருமே படுக்காத மாதிரி. நான் உரித்துக் கொடுத்த சாத்துக்குடித் தோல் செய்தித்தாளில் அப்படியே இருந்தது, ஆள் இல்லை. அடுத்த கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆயாம்மா ஸ்கேனுக்குப் போயிருக்கும் என்றாள். ஸ்கேன் எந்தப் பக்கம் என்றால் நேரா போய் லெஃப்ட் என்றாள். போனேன். கதிரியக்கவியல் என்று எழுதியிருந்தது, அதுதான் ஸ்கேன் என்று எனக்கு எப்படித் தெரியும், தாண்டிப் போய்விட்டேன். லிஃப்ட்காரர் நோயாளி இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்றார், நோயாளியைத்தான் ஐயா தேடுகிறேன் என்றேன், அவர் சிரித்தார், ஏற்றவில்லை. படியேறினேன். ஒரு கண்ணாடி ஜன்னலில் கேட்டால் அடுத்த ஜன்னல், அடுத்த ஜன்னலில் கேட்டால் பி பிளாக், பி பிளாக் எது என்று கேட்டால் இதுதான் பி பிளாக். எல்லாக் கதவுக்கும் மேலே ஒரு பேர் இருந்தது. எந்தப் பேரும் என்னை உள்ளே விடுகிற பேராக இல்லை. கையில் மருந்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அதுவரை நம்பிக்கொண்டு. கடைசியில் ஒரு கதவு திறந்து, "அருளப்பன் அட்டெண்டர் யாரு? எங்கம்மா போயிட்டீங்க?" என்றார்கள். எங்கேயும் போகவில்லை. இங்கேதான், உங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேதான், சுற்றிக்கொண்டிருந்தேன். உயிர் போவதற்கு முன்னால் மேரி எங்கே, மேரி எங்கே என்று கேட்டாராம். நர்ஸ் ஆறுதலுக்குத்தான் சொன்னாள், நல்ல பெண், ஆனால் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தக் கேள்விக்கு அவருக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

"ஆன்ட்டி? அமைதியாயிட்டீங்களே. என்ன யோசிக்கிறீங்க, சொல்லுங்க." "ஒண்ணுமில்லைம்மா. எங்க மாத்தியிருப்பாங்கன்னுதான்." விரல் தானாகவே எழுந்துவிட்டது. எட்டுச் சதுரத்தில் கடைசிக்கு முந்தினது, நிர்வாகச் சேவைகள். இறங்கு, உள்நோயாளி மேலாண்மை. "ஏன் அதை அழுத்தினீங்க?" "உள்ளேதானே படுத்திருக்காரு, அதான் உள்நோயாளி." எங்கிருந்து வந்தது அந்தப் பதில், நான் அப்படி யோசிக்கவே இல்லை, பொய் எவ்வளவு வழுக்கிக்கொண்டு வருகிறது. படுக்கை ஒதுக்கீடு. இடமாற்ற விவரம். பச்சை நிறத்தில் ஒரு பெட்டி திறக்கிறது. நோயாளி: மாதிரிப் பெயர். தீவிர சிகிச்சைப் பிரிவு, பி பிளாக், மூன்றாம் தளம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி என் நெஞ்சுக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. இதோ இருக்கிறீர்கள். கண்டுபிடித்துவிட்டேன். வந்துகொண்டிருக்கிறேன், அங்கேயே இருங்கள். "இங்கே இருக்காரும்மா" என்று நான் சொன்ன சத்தத்தில் தாரிணியே கொஞ்சம் திடுக்கிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளை சிரிப்பு கேட்டது. நல்ல சிரிப்பு. ஜெயித்த சிரிப்பு. பெனி, பார்த்தாயா, உன் அம்மா உன்னைக் கைவிடவில்லை. இனிமேல் சாப்பிடு. இனிமேல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கு.

கதவு திறக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டவர், நாற்பது வயசிருக்கும், முகமெல்லாம் பல். "சார், செஷன் போயிட்டிருக்கு, நீங்க உள்ள வரக் கூடாது" என்கிறாள் தாரிணி. "ஒரே நிமிஷம் தாரிணி. ஆன்ட்டி, நான் சஞ்சய், இந்த டீமுக்கு மேனேஜர். சூப்பர் போங்க. எங்கம்மாவுக்கு வாட்ஸாப்பே நான்தான் திறந்து குடுக்கணும், நீங்க எங்க பிளாட்டுக்கு எதிர் வீட்டுக்குக் குடி வந்துடுங்க." நானும் சிரித்தேன். "இல்ல, விஷயம் என்னன்னா, எங்க டீம்ல ஒரு மேடம் மாசக் கணக்கா என்கூட ஒரே சண்டை. ஆஸ்பத்திரியோட துறை எப்படிப் பிரிச்சிருக்கோ அதே மாதிரி ஆப்பையும் பிரிச்சா சாதாரண ஜனங்க தொலைஞ்சு போயிடுவாங்களாம். மொத்தத்தையும் கலைச்சு, ஜனங்க கேக்குற கேள்விப்படி திரும்ப அடுக்கணுமாம். காலேஜ் பசங்க எல்லாரும் கரெக்டா கண்டுபிடிச்சாங்க, அப்பவும் ஒத்துக்கலை. பெரியவங்க ஒருத்தரைக் கூப்பிட்டு உட்கார வைங்க, அப்பத் தெரியும்னு அவங்களேதான் சொன்னாங்க. இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்று மறுபடியும் சிரித்துவிட்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். முகம் அப்படியே நின்றுவிட்டது, அதை எப்படி இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

ஒரு மேடம். அந்த மேடத்தை நான் பத்து மாசம் சுமந்தேன். ஒரே ஒருத்தராவது நிஜமான ஆளாக இருக்கணும் என்றாளே. படித்துக்கொண்டு வராதே என்றாளே. அதான்மா வேணும் என்றாளே. எல்லாம் சொன்னாள், ஆண்டவரே, எதை விட்டாள், நான்தான் எல்லாவற்றையும் என் பயத்துக்குத் தக்கபடி மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டேன். நான் தொலைய வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்குத் தொலைந்தேனே, அதே மாதிரி, அந்தச் சதுரங்களுக்கு முன்னால் முழித்து, உள்ளே போய் வெளியே வந்து, எங்கே என்று தெரியாமல், எல்லாரும் பார்க்கும்படி. அதைப் பார்த்தால்தான் இவர்கள் கலைத்து அடுக்குவார்கள். இன்னொருத்தி மருந்துப் பையோடு நிற்க மாட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது என்னுடைய தெரியாமைதான். வேறு என்ன இருக்கிறது என்னிடம் கொடுப்பதற்கு? அந்த ஒன்றையும் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் போனைத் திறந்ததும் அழுதேனே, அந்த அழுகையை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தால் போதும். அது நிஜம். அதை யாரும் பார்க்கவில்லை.

"ரெண்டாவது டாஸ்க் ஆன்ட்டி. உங்க கணவருக்கு ராத்திரி துணைக்கு யாரு தங்கலாம்னு தெரியணும்." இதுவும் எனக்குத் தெரியும். இதையும் படித்தேன். சொல்லிவிடலாமா? அம்மா தாரிணி, நான் பெனிட்டாவின் அம்மா, வீட்டில் பழகிக்கொண்டு வந்தேன், என்று? சொன்னால் அவள் பொய் ஆளைக் கூட்டி வந்தாள் என்றாகும். அந்த மேனேஜர் இன்னும் பெரிதாகச் சிரிப்பார். சொல்லாவிட்டால் அவள் தோற்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளையின்மேல்தான் மிதிக்கிறேன். சரி, தெரியாத மாதிரி இருப்போம். அதையாவது செய்வோம். வேண்டுமென்றே ஆய்வகத்தை அழுத்துகிறேன். "ஐயோ, இது இல்லை போலிருக்கே" என்கிறேன். கட்டணத்தை அழுத்துகிறேன். "ஒண்ணும் புரியலையேம்மா, ரொம்பக் கஷ்டமா இருக்கே." கோவில் திருநாளில் நாடகம் போடுகிற பிள்ளைகள்கூட என்னைவிட நன்றாகப் பேசும். நிஜமாகத் தொலைந்தவள் இப்படியெல்லாம் பேச மாட்டாள். எல்லாருக்கும் தெரிந்தது நமக்கு மட்டும் தெரியவில்லை என்று யாரையும் கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரிந்த மாதிரியே நடந்துகொண்டிருப்பாள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தைகூடக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. தாரிணி என்னையே பார்க்கிறாள். "டயர்டா இருக்கா ஆன்ட்டி? தண்ணி குடிக்கிறீங்களா? முதல் டாஸ்க்கை அவ்வளவு ஈஸியா பண்ணீங்களே. பரவாயில்லை, போதும், முக்கியமானது அதுதான்." சுவிட்சைத் தட்டுகிறாள். கொக்கு தலையைத் தொங்கப் போடுகிறது. பொய்யும் சொல்லியாகிவிட்டது, அதற்கும் பலனில்லை.

வெளியே வரவேற்பு மேஜைக்கிட்டே பெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பரிசுப் பை. "தேங்க் யூ மேடம், உங்க நேரத்துக்கு" என்று என்னிடம் கொடுத்தாள். பிள்ளை கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. காலி செய்த வீட்டு ஜன்னல் மாதிரி. "நான் மேடத்தைக் கீழ விட்டுட்டு வர்றேன் தாரிணி" என்றாள். லிஃப்டுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். கதவு மூடினதும் என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள், "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். "பசங்க கண்டுபிடிச்சப்போகூட நான் நம்பலை. அவங்களுக்கு யாரும் தொலைஞ்சு போனதில்லை, அதான்னு நெனச்சேன். நீ திணறுவேன்னு உறுதியா இருந்தேன். உன்னை நெனச்சுத்தான் அந்தக் கேள்வியே எழுதினேன். நீ நேரா போயிட்டே." கதவுக்கு மேலே இறங்கும் எண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்போ நான்தான் தப்பு. அப்பா செத்துட்டாருன்னு எதையோ பிடிச்சுக்கிட்டுத் தொங்கியிருக்கேன். யாருக்கும் அது கஷ்டமில்லை. உனக்கே கஷ்டமில்லை. சஞ்சய்கிட்டச் சொல்லிட்டேன், நீங்க சொன்னதுதான் சரின்னு." "பெனி" என்றேன். "உன் பழைய போன்ல அது இருந்துச்சு. நான் பழகிட்டு வந்தேன்டி." அவள் மெதுவாகத் திரும்பினாள். "எதுக்கும்மா?" "என்னால உனக்கு அசிங்கமாயிடக் கூடாதுன்னு. உன் வேலை போயிடக் கூடாதுன்னு." "நீ நீயா இருன்னு சொன்னேனேம்மா" என்றாள், அவ்வளவுதான், சின்ன வயசில் பென்சில் முனை ஒடிந்தால் சொல்லுகிற அதே குரலில். கதவு திறந்துவிட்டது. நான் வெளியே காலை வைத்தேன், அவள் வரவில்லை. "மேல போய்ச் சொல்லு பெனி. எங்கம்மா பண்ணின தப்புன்னு சொல்லு." "சொன்னா, சொந்த அம்மாவைக் கொண்டாந்து உட்கார வச்சேன்னு சொல்லணும். அதுக்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் எவன் நம்புவான்?" என் தோளில் விலகியிருந்த சேலையை எடுத்து இழுத்து விட்டாள். "நீ வீட்டுக்குப் போம்மா. சாப்பிடு. எனக்காகக் காத்திருக்காதே." கதவு மூடிக்கொண்டது.

கதவுக்கு மேலே எண்கள் ஏறுகின்றன. இரண்டு. மூன்று. நான் நகரவில்லை. எனக்காகக் காத்திருக்காதே என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், வேலை அதிகம் என்றால் சொல்வாள், பரணி தியேட்டருக்குப் போனால் சொல்வாள், அது ஒரு சாதாரணப் பேச்சு. நாலு. ஐந்து. சேலையை ஏன் இழுத்து விட்டாள்? அவளுடைய ஆபீஸ் ஆறாம் மாடி. ஆறு. நிற்கும். நிற்கவில்லை. ஏழு. யாரோ மேலே கூப்பிட்டிருப்பார்கள். லிஃப்ட் என்றால் அப்படித்தான், அழுத்தின இடத்துக்கெல்லாம் போகும். எட்டு, ஒன்பது. ஆண்டவரே. கூப்பிட்டவர்கள் ஏறுவதற்கு எங்கேயாவது நிற்குமே, எங்கேயும் நிற்கவில்லையே. கடைசி எண்ணில் போய் நின்றுவிட்டது. இறங்கி வரவில்லை. போனை எடுத்து அவளுக்கு அடிக்கிறேன், மணி போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. "என்னம்மா, வெளிய போகணுமா? வழி அந்தப் பக்கம்" என்கிறார் செக்யூரிட்டி. "இதுக்கு மேல என்ன இருக்குப்பா?" "எதுக்கு மேல?" "இந்தக் கடைசி மாடிக்கு." "மொட்டை மாடிதான். சிகரெட் பிடிக்கிற பசங்க போவாங்க, போன் பேசறவங்க போவாங்க." போன் பேசப் போயிருப்பாள். ஆமாம். அழுவதற்குப் போயிருப்பாள், அழட்டும், மகராசி, நன்றாக அழட்டும். போனை எடுடி. "ஆறாம் மாடிக்குப் போன் போடுப்பா" என்கிறேன். அவர் என் கழுத்தில் தொங்குகிற விசிட்டர் சீட்டைப் படித்துப் பார்க்கிறார். "டெஸ்ட்டுக்கு வந்தவங்கதானே? முடிஞ்சா கிளம்பலாம்மா, மேலல்லாம் தொந்தரவு பண்ணக் கூடாது." "போடுப்பா, உனக்குக் கோடிப் புண்ணியம்." என் குரலில் என்ன இருந்ததோ, போட்டுவிட்டார். ரிசீவரை அவர் கையிலிருந்து நானே வாங்கிக்கொண்டேன். எடுத்தது தாரிணி, டெஸ்ட்டுக்கு வந்த ஆன்ட்டி என்று சொல்லிக்கொண்டேன். பின்னால் அந்த மேனேஜரின் சிரிப்பு, யாரோ கை தட்டுகிறார்கள். "சொல்லுங்க ஆன்ட்டி, எதையாவது வச்சுட்டுப் போயிட்டீங்களா?" "பெனிட்டா அங்க இருக்காளா?" "பெனிட்டாவா? உங்களைத்தானே விட வந்தாங்க, இன்னும் வரலையே. அவங்க பேரு உங்களுக்கு எப்படி..." கடைசி எண் அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. சொன்னால் அவளுக்கு இங்கே இனி ஒன்றும் மிஞ்சாது. "நான் அவ அம்மா" என்றேன். "மொட்டை மாடிக்கு யாராவது போங்கம்மா. நடக்காதீங்க. ஓடுங்க."